உளுந்தும் நைஸ், குரங்கும் நைஸா?

செந்தூல்வாசி:
பத்துமலைக்குப் போய்வந்ததைப் பற்றி என் மகள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். கோயில் நைஸ், 272 படிகளும் நைஸ், கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிய குரங்கும் நைஸ். ஆசிரியர் ஆறு இடங்களில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். அவர் செய்தது சரிதான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்தேன். கட்டுரையில் ஒன்றும் குறையவில்லை.

பழைய அகராதி:
சொல்லின் மேல் ஏன் பழி? லத்தீனில் 'அறியாதவன்' என்ற பொருள் தரும் நெஸ்கியுஸ்தான் அதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு 'முட்டாள்' என்று பொருள். பிறகு எதிலும் குறை காண்கிறவரைக் குறித்தது, அப்புறம் நுணுக்கமானதை. 'இனிமையானது' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. மயிரிழை வேறுபாட்டை இன்றைக்கும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றுதான் எழுதுகிறார்கள்.

செந்தூல்வாசி:
ஐயா, எழுநூறு வருடக் கதை என் மகளுக்கு மதிப்பெண் தராது. நாற்றம் என்றால்கூட ஒரு காலத்தில் நறுமணம். மாமியார் வைத்த ரசத்தை 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள், சாப்பாடு கிடைக்கிறதா பார்ப்போம்.

இட்லிக்கடை அக்கா:
இருவரும் சமையலறையை மறந்துவிட்டீர்கள். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறேன். உளுந்தை நைசாக அரை, அரிசியைக் கொரகொரப்பாக விடு என்று தினமும் சொல்கிறேன். உளுந்து மாவு விரலிடையில் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். அரிசி மாவு ரவை போல நெருட வேண்டும். இங்கே நைஸ் என்றால் இனிமை இல்லை, நுண்மை. ஐயா சொன்ன பழைய பொருள் என் கிரைண்டருக்குள் இருக்கிறது.

செந்தூல்வாசி:
அது ஆங்கிலமே இல்லை அக்கா. நைய அரைப்பது நம் வழக்கு. நைதல் என்றால் நசுங்கிக் குழைவது. நையப் புடைத்தான் என்கிறோமே!

பழைய அகராதி:
அப்படியானால் கடைசியில் ஸகரம் எங்கிருந்து வந்தது தம்பி? 'நை' ஏற்கெனவே காதில் இருந்ததால் ஆங்கிலச் சொல் எளிதாக ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். கடன் கேட்டவுடன் நண்பன் நைசாக நழுவுகிறானே, அது எந்த நைதல்?

செந்தூல்வாசி:
அதற்கு என்னிடம் பதிலில்லை. கட்டுரையை நாளைக்குள் திருத்த வேண்டும். குரங்குக்கு என்னதான் எழுதுவது?

இட்லிக்கடை அக்கா:
பழத்தை நைசாக எடுத்துக்கொண்டு போனதா, பல்லைக் காட்டிப் பிடுங்கியதா? முதலில் மகளிடம் அதைக் கேளுங்கள் தம்பி.