செத்ததென்று ஒதுக்கிய பிம்பா

பாளை மாடித்தோட்டம்:

நம் ஊர்க் காட்டில் துவையலுக்குப் பறிக்கிற பச்சைக் குச்சிச் செடி கள்ளிமுளையானைப் பற்றி இந்தக் குழுவில் ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் சொல்லப்போவது அதன் வடக்கத்தி உறவுக்காரனைப் பற்றி.

என் மச்சான் ஜெய்சல்மேரில் எல்லைக் காவல் பணியில் இருந்தார். அங்கே ஒரு வீட்டுச் சாப்பாட்டில் பச்சைக் குச்சிகளை வதக்கிப் போட்டிருக்கிறார்கள். பெயர் கேட்டதற்கு 'பிம்பா' என்றார்களாம். தாவரவியல் பெயர் கரலுமா எடுலிஸ். எடுலிஸ் என்றால் லத்தீனில் தின்னத் தகுந்தது என்று பொருள். தின்றே தீர்த்துவிட்டார்களோ என்னவோ, தார் பாலைவனத்திலேயே இப்போது அரிதாகத்தான் கிடைக்கிறது. அந்த வீட்டு அம்மா வேலியோரம் வளர்த்ததில் ஒரு கொத்து கொடுக்க, மச்சான் காகிதத்தில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார்.

பாலைவனச் செடிதானே என்று மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். பழைய ரோஜாத் தொட்டி, அதே தொழுவுர மண். தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. சித்திரையில் குச்சிகள் வெளுத்துச் சுருங்கின. ஐப்பசி அடைமழையில் அடிப்பக்கம் கருத்துக் கூழாகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சரி, போய்விட்டது என்று தொட்டியை மூலையில் தள்ளிவிட்டேன்.

தை மாதம் அந்த மண்ணைக் கத்தரிக்குப் போடலாமென்று கவிழ்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சிதான், "ஏலே, இஞ்சி மாதிரி என்னமோ கெடக்கு பாரு" என்றாள். பென்சில் கனத்தில் வெள்ளையாக நாலைந்து துண்டுகள். முதலில் வேர் என்றுதான் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் கணு இருக்கிறது, கணுவில் செதில் இருக்கிறது, ஒன்றின் நுனியில் பச்சை மொட்டு வேறு. வேருக்கு ஏது கணு? பள்ளிக்கூடத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்தோமே, அதுதான். செடியின் உடம்பு கீழே கிடந்திருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து அழுததெல்லாம் அதன் விரல்நுனிகளை.

அதற்கப்புறம்தான் மச்சானிடம் ஒழுங்காகக் கேட்டேன். அங்கே அது வெட்டவெளியில் நிற்பதில்லையாம், முட்புதருக்குள் நிழலில்தான் இருக்குமாம். இன்னொன்று, காலக்கணக்கு. ஜெய்சல்மேரில் ஆண்டு மழையே சுமார் 20 சென்டிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் ஆடி, ஆவணியை ஒட்டிப் பெய்துவிடும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. அது தூங்கப்போகிற நேரத்தில் நம் ஊர் மழை அதன் தலையில் விழுகிறது. வெயில் கொன்றதைவிட இதுதான் அதிகம் கொன்றது என்பது என் கணிப்பு.

இப்போது அகலமான மண்தொட்டி, ஆழம் குறைவு. முக்கால் பங்கு தேரிக்காட்டுச் செம்மணலும் சரளையும், மீதி மக்கிய இலை. முருங்கை நிழலில் இருக்கிறது. ஆடியில் வாரம் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிடுகிறேன். ஐப்பசி பிறந்ததும் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடுவேன். மேலே ஒன்றுமே இல்லாவிட்டாலும் தொடுவதில்லை. போன ஆவணியில், நட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, தொட்டி விளிம்பை முட்டிக்கொண்டு ஒரு முளை வந்தது. மண்ணுக்குள்ளேயே நடந்து போயிருக்கிறது பயல்!

தேரிக்காட்டான்:

அண்ணாச்சி, இட்டமொழிப் பக்கம் உடைமரத்தடியில் கள்ளிமுளையான் பறிக்கும்போது எங்கள் அம்மா ஒரே சட்டம் வைத்திருந்தாள்: கிள்ளு, பிடுங்காதே. அதுவும் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிளைக்கிற செடிதான். பிடுங்கினால் அடுத்த மழைக்கு அந்த இடம் வெறும் தரை.

புதிதாகத் தேடப் போகிறவர்களுக்கு ஒன்று. பெயரில் கள்ளி இருந்தாலும் இதற்குப் பால் கிடையாது. ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும். பால் வடிந்தால் அது வேறு கள்ளி, வாயில் வைத்துவிடாதீர்கள். கள்ளிமுளையானும் பிம்பாவும் எருக்கு, அரளி வகையறாவில் சேர்ந்தவை.

துவையலுக்கு விடியற்காலையில் பறித்தால் புளி குறைத்துப் போடலாம் என்பாள் அம்மா. சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். இந்த மாதிரிச் செடிகள் இரவில்தான் இலைத்துளையையோ தண்டுத்துளையையோ திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைக்கும், பகலில் அதைச் செலவழித்துவிடும் என்று பின்னால் படித்தேன். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் மதியத்தில் சப்பென்று ஆவதையும் 1813-லேயே பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் தின்று பார்த்துக் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குச் சொன்னேன். "தின்னு பாத்தா தெரியாதாக்கும்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பணகுடி காத்து:

எங்கள் ஊரில் ஆடிக்காற்றுக்கு மாடியில் எதுவும் நிற்காது, குச்சியெல்லாம் ஒடிந்துவிடும். தொட்டியைச் சுவரோரம் வைப்பதுதான் வழி. இன்னொன்று, மண்ணுக்குள் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தண்டு இல்லை. எனக்கு அது மாவுப்பூச்சி. தண்டைக் கழுவி, அழுகிய பகுதியை நறுக்கி, சாம்பல் தொட்டு, 4 நாள் நிழலில் காயவைத்து நட்டேன். மூன்றில் ஒன்று பிழைத்தது. அண்ணாச்சி, பூத்ததா உங்களுடையது?

பாளை மாடித்தோட்டம்:

பூத்தது தம்பி. சின்னப் பூ, ஈ வந்து மொய்த்தது, காய் பிடிக்கவில்லை. விளிம்பை முட்டிய முளையை வெட்டித் தனியாக வைத்திருக்கிறேன். அடுத்த ஆடிக்குள் இரண்டு கணு விட்டால் ஒன்று உங்களுக்கு. பாளை பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.