காலத்துக்கு இடம் தந்தது மொழியா, மூளையா?

சொல்தேடி:
காலத்தை மனம் இடமாகத்தான் பார்க்கிறது, அது மூளையின் இயல்பு என்று மூளைமடிப்பு போன வாரம் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அது மொழி பழக்கிவிட்டது. தமிழையே பாருங்கள். 'முன்பு' என்றால் நடந்து முடிந்தது, 'பின்பு' என்றால் இனி வருவது. அப்படியானால் நடந்து முடிந்தது நம் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். ஆனால் வரப்போவதற்குப் பெயர் எதிர்காலம்! ஒரே மொழிக்குள் இரண்டு திசைகள். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் ஐமாரா மொழி பேசுபவர்கள் கடந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது முன்னே கைகாட்டுகிறார்கள், வரும் காலத்துக்கு முதுகுப் பக்கம் காட்டுகிறார்கள். ஆய்வாளர்கள் நூன்யெஸும் ஸ்வீட்சரும் 2006இல் இதை விரிவாக எழுதினார்கள். மூளையில் ஒரே வரைபடம் பதிந்திருந்தால் இத்தனை வேறுபாடு எப்படி வரும்?

மூளைமடிப்பு:
தமிழில் நீங்கள் காட்டுவது முரண்பாடே இல்லை. ஒரு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் நிற்பவர் எனக்கு முன்பே போய்ச் சேருவார். 'முன்பு' வரிசைக்குள் இருந்து சொல்வது. 'எதிர்' என்பது வருவதைப் பார்த்து நிற்பவர் சொல்வது. நிற்கும் இடம்தான் வேறு. 'அங்கே, இங்கே'வில் இருக்கும் அதே அ, இ தான் 'அப்போது, இப்போது'விலும் இருக்கிறது. இறந்தகாலத்தில் வரும் 'இறத்தல்' என்ற சொல்லுக்கே பழைய பொருள் கடந்து போவது. திசை மாறும், சரி. இடத்தை விட்டுவிட்டுக் காலத்தைப் பேசும் வழி ஒன்று காட்டுங்கள்.

சொல்லே இல்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. காசசாந்தோ, போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது. திரையில் ஒரு கோடு வளர்ந்து மறையும். எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மவுஸை இருமுறை அழுத்திக் காட்ட வேண்டும். ஒரே நேரம் இருந்த கோடுகளிலும் நீளமானது அதிக நேரம் இருந்ததாகவே காட்டினார்கள். நீளத்தைக் கேட்டபோதோ, நேரம் அவர்களைக் குழப்பவில்லை. காலம் இடத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. இடம் காலத்தின் மேல் சாயவில்லை.

சொல்தேடி:
அந்த ஒருதலைச் சாய்வைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். 2010இல் வெளிவந்த ஆய்வில் இதைப் போன்ற சோதனையை ரீசஸ் குரங்குகளிடமும் செய்தார்கள். அவற்றிடம் குழப்பம் இருபக்கமும் வந்தது: நீளம் நேரத்தைக் கெடுத்தது, நேரம் நீளத்தைக் கெடுத்தது. மனிதரிடம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. குரங்குக்கு இல்லாதது எது? 'நீண்ட நேரம்' என்ற சொல்.

மூளைமடிப்பு:
குரங்கிடம் சொல்லே இல்லை, ஆனாலும் இணைப்பு இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் வாதாடுவது அதற்குத்தான்.

பன்னிருமாதம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஓர் ஆண்டு என்பது என்னைச் சுற்றிக் கிடக்கும் நீள்வட்டம். ஜனவரி இடது தோளுக்கு மேல், ஜூன் நெஞ்சுக்கு நேரே கொஞ்சம் தள்ளி, அக்டோபர் வலப்பக்கம் வளைந்து பின்னால் போகும். யாராவது ஒரு தேதியைச் சொன்னால் கண் தானாக அந்தப் பக்கம் போகும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று இருபது வயதுவரை நினைத்திருந்தேன். ஆங்கிலேய அறிஞர் கால்ட்டன் 1880லேயே எண்களை இப்படி இடத்தில் காண்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! இந்த வளையத்தை எந்த மொழியும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

சொல்தேடி:
அருமையான அனுபவம், பகிர்ந்ததற்கு நன்றி. வளையத்தை யாரும் கற்றுத்தரவில்லை, ஏற்கிறேன். ஆனால் பன்னிரண்டு மாதங்களையும் அவற்றின் வரிசையையும் கற்றுத்தந்தார்கள் அல்லவா?

ஆஸ்திரேலியாவின் போர்ம்புராவ் ஊரில் வாழும் பழங்குடி மக்களைப் பாருங்கள். ஒருவர் சிறுவயதிலிருந்து முதுமை அடையும் படங்களைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னால் கிழக்கிலிருந்து மேற்காக அடுக்குகிறார்கள். தெற்கே பார்த்து உட்கார்ந்தால் இடமிருந்து வலம், வடக்கே பார்த்தால் வலமிருந்து இடம். அவர்கள் பேச்சில் 'இடக்கைப் பக்கம்' என்பதைவிடத் திசைப்பெயர்களே அதிகம் புழங்குகின்றன. காலமும் அதே திசையில் ஓடுகிறது.

மூளைமடிப்பு:
அதை மறுக்கவில்லை. ஆனால் மூளை அடிபடும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கமே கவனத்தில் இருக்காது, தட்டில் இடப்பாதி உணவு அப்படியே கிடக்கும். 2014இல் வந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களிடம், ஒருவருக்குப் பத்தாண்டுக்கு முன் பிடித்தவை எவை, பத்தாண்டு கழித்துப் பிடிக்கப்போகிறவை எவை என்று சொல்லி, பிறகு அவை நினைவிருக்கின்றனவா என்று கேட்டார்கள். பத்தாண்டுக்கு முந்தையவற்றைத்தான் அதிகம் தவறவிட்டார்கள். இடப்பக்கத்தோடு கடந்த காலமும் நழுவியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சு அலங்காரம் மட்டும் என்றால் இப்படி நோயோடு சேர்ந்து உடையுமா?

சொல்தேடி:
உடையாது. இது என்னை அசைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்குக் கடந்த காலம் ஏன் இடப்பக்கம் இருந்தது? இடமிருந்து வலமாகப் படித்து வளர்ந்தவர்கள். அரபு எழுதப் படிக்கும் குழந்தைகள் காலை, மதியம், இரவை வலமிருந்து இடமாக வைக்க முனைகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ட்வெர்ஸ்கி குழுவினர் 1991இல் காட்டினார்கள். அப்படி வளர்ந்த ஒருவருக்கு இதே பக்கவாதம் வந்தால் நழுவுவது எந்தக் காலம்?

மூளைமடிப்பு:
எதிர்காலம் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஆனால் திசையை எழுத்து எழுதியது என்பதை ஏற்றுக்கொள்வேன், எழுதிய பலகை மட்டும் மூளையுடையது.

பன்னிருமாதம்:
அப்படியென்றால் என் ஜனவரி இடது தோளில் இருப்பது நான் படித்த எழுத்தால்தானா? இன்றைக்கெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருப்பேன்.