முள் தானா இறங்கினதும் நிம்மதியானேனே, அதுதான் இன்னும் உறுத்துது

மாதவரம் பிக்கப்:
போன மே மாசம், கத்திரி வெயில். மாதவரத்துல டைல்ஸ் ஏத்திக்கிட்டு கூடுவாஞ்சேரி சைட்டுக்கு பைபாஸ் பிடிச்சேன். வானகரம் டோல் வரிசையில நிக்கும்போதே இன்ஜின் சூட்டைக் காட்டற ஹீட் மீட்டர்ல முள் முக்கால் தாண்டிருச்சு. டோல் தாண்டி காத்து வாங்கினா இறங்கிரும்னு விட்டேன். போரூர் ஏரிகிட்ட சிவப்பைத் தொட்டுச்சு. ஓரம் கட்ட இண்டிகேட்டர் போட்ட அதே நேரம் முள் இறங்க ஆரம்பிச்சுது. என் கண் முன்னாடி மெதுவா பாதிக்கு வந்து, காலுக்கு வந்து, கடைசியில அடியில போய் ஒட்டிக்குச்சு. "அப்பாடா"ன்னு வாய்விட்டே சொன்னேன். இண்டிகேட்டரை ஆஃப் பண்ணிட்டு மறுபடி மிதிச்சேன்.

பெருங்களத்தூர் வர்றதுக்குள்ள இழுவை போச்சு, கருகல் வாடை. கீழ் ஹோஸ் கிளாம்ப் கழண்டு ரேடியேட்டர்ல ஒரு சொட்டு இல்ல. இன்ஜினோட மேல் மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டுபோனோம். லேத்துக்காரர் ஹெட் மேல ஸ்கேல் வெச்சு, "இங்க பாரு தம்பி"ன்னார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது, சூட்டுல ஹெட் வளைஞ்சிருச்சு. வேற யாருக்காவது முள் இப்படி இறங்கி ஏமாத்தியிருக்கா?

பாடி டீசல்:
எனக்கும் நடந்திருக்கு. முள்ளுக்கு சூட்டைச் சொல்ற அந்த சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சூட்டை ஒழுங்கா காட்டும். தண்ணி போயிட்டா வெறும் காத்துல தொங்கும், அப்ப மீட்டர் குறைச்சுக் காட்டும். ஓடிட்டிருக்கிற வண்டியில முள் திடீர்னு அடிக்குப் போனா அது ஏறினதைவிட மோசமான செய்தி. எனக்கு பாடி மேம்பாலத்துல. நல்லவேளை, லோடு இல்ல.

எண்ணூர் டிரெய்லர் தம்பி:
டிரெய்லர் ஓட்டறதுக்கு முன்னாடி நாலு வருஷம் பிக்கப்தான். ஹார்பர் கேட்ல கன்டெய்னர் கியூ நடுவுல மாட்டி ரெண்டு மணி நேரம் ஒரு அடி நகரல, வண்டி கொதிச்சு நின்னுது. சூடானாத்தான் தண்ணியை ரேடியேட்டருக்கு விடற வால்வு இருக்கே, தெர்மோஸ்டாட், அதைக் கழட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் பிரச்னையே இல்ல. சென்னை வெயிலுக்கு அது தேவையே இல்லங்கறது என் அனுபவம்.

புதுப்பேட்டை ஸ்பேர்ஸ்:
எண்ணூர் தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதைப் படிச்சுட்டு இன்னும் பத்து பேர் கழட்டிருவாங்க, அதனால எழுதறேன். தெர்மோஸ்டாட் நிறைய டீசல் வண்டியில 82 டிகிரி வாக்குல திறக்கும். கழட்டினா இன்ஜின் சூடு ஏற நேரம் எடுக்கும், டீசல் கூட குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்ல, தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம திரும்பற பைபாஸ் வழியை மூடறதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துட்டா பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தும், ஹீட் இன்னும் ஏறும். சந்தேகம்னா வீட்டுல பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு நூல்ல கட்டித் தொங்கவிடுங்க. அடியில தொட வேணாம். கண் முன்னாடி வால்வு திறக்கும். திறக்கலைன்னா புதுசு மாத்துங்க, அவ்வளவுதான்.

உங்க கதையிலயே விடை இருக்கு. நின்ன இடத்துல கொதிச்சுது, ஓடும்போது இல்ல. அப்படின்னா முதல்ல பாக்க வேண்டியது ஃபேன். பெல்ட் தளர்வா, சூடு ஏறினா ஃபேனை வேகமா சுத்தவிடற விஸ்கஸ் கிளட்ச் வேலை செய்யலையா, மின்சார ஃபேன்னா ரிலே, ஃபியூஸ் போச்சான்னு பாருங்க. லோடோட ஓடும்போது மட்டும் ஏறினா ரேடியேட்டர் உள்ள அடைப்பு, இல்ல வாட்டர் பம்ப். நம்ம ஊர்ல போர் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள உப்பு படிஞ்சு குழாய் சுருங்கிப்போன ரேடியேட்டர் எத்தனை பாத்திருக்கேன்! கூலன்ட் வாங்க காசில்லைன்னா கேன் தண்ணியாவது ஊத்துங்க. காலையில ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகி, ரேடியேட்டர்ல முட்டை முட்டையா காத்து வந்தா, ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கட் போச்சு. எதுவும் ஒழுகாம வண்டி தண்ணி குடிச்சாலும் அதைத்தான் சந்தேகப்படணும்.

என் கதை சின்னது. பம்ப் மாத்தி, ரேடியேட்டர் மாத்தி, கடைசியில பாத்தா ரேடியேட்டர் மூடி. அதுல இருந்த ரப்பர் வெடிச்சிருந்தது. 0.9 பார், 1.1 பார்னு மூடி மேலயே அழுத்தம் எழுதியிருக்கும். அந்த அழுத்தம் நின்னாத்தான் கூலன்ட் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். நிக்கலைன்னா நூத்திச் சொச்சத்துலயே பொங்கிரும். கடையில தினம் நூறு மூடி விக்கறவன், எனக்கே அது தோணல.

எண்ணூர் டிரெய்லர் தம்பி:
அண்ணா, அப்ப ஃபேன் பெல்ட்டும் மாத்தினேன், அதை எழுத விட்டுட்டேன். நீங்க சொல்றது அதா இருக்கலாம். ஆனா டீசல் கூட குடிக்குதுன்னு நான் உணரல.

பள்ளிக்கரணை வாட்டர் கேன்:
2023 டிசம்பர் மிக்ஜாம்ல வண்டி பம்பர் வரைக்கும் முங்கி நின்னுது. இன்ஜினுக்குள்ள தண்ணி போகல, ஆயில் மாத்தினோம், ஓடுச்சு. சந்தோஷமா இருந்தேன். மார்ச்ல வெயில் ஏறினதும் தினம் மத்தியானம் ஹீட். மூணு மெக்கானிக், மூணு பதில். ஒருநாள் என் பையன் டார்ச்சை ரேடியேட்டருக்குப் பின்னாடி பிடிச்சு, "அப்பா, முன்னாடி வெளிச்சமே வரலப்பா"ன்னான். கழட்டினா ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சேறு காஞ்சு, தோசைக்கல்லுல பிடிச்ச அடி மாதிரி தகடு தகடா வந்துச்சு. இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா மெதுவா தண்ணி அடிச்சோம். வேகமா அடிச்சா ரேடியேட்டர்ல இருக்கிற மெல்லிசான தகடு, ஃபின், மடங்கிரும். அன்னைக்கே சரியாயிடுச்சு. வெள்ளத்துல நின்ன வண்டி வெச்சிருக்கிற எல்லாரும் இதைப் பாருங்க.

காசிமேடு தங்கச்சி:
நான் மெக்கானிக் இல்ல. அண்ணனோட மீன் வண்டியில கூடப் போவேன், கணக்கு எழுதறது நான்தான். ராயபுரத்துல வண்டி பொங்கி நின்னுது. ஐஸ் கரையுது, மீன் போயிடும்னு அண்ணனுக்கு அவசரம். "துண்டைக் கொடு"ன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூடியைப் பாதி திருப்பினதும் ஒரு சத்தம், அடுத்த நொடி அவர் முகத்தைப் பொத்திக்கிட்டுக் கீழ உக்காந்துட்டார். முழங்கைலேர்ந்து தோல் துண்டோட சேர்ந்து வந்துச்சு. கண்ணு தப்பிச்சது கடவுள் புண்ணியம். எட்டு மாசம் ஆச்சு, அந்தக் கையை அவர் வெயில்ல காட்ட மாட்டார். அரை மணி நேரம் காத்திருந்தா அந்த மீனுக்கு என்ன விலை போயிருக்கும்? அதை எத்தனையோ தடவை கணக்கு போட்டுப் பாத்துட்டேன்.

பாடி டீசல்:
தங்கச்சி, நீங்க கொடுக்கலைன்னா அவர் சட்டையைக் கழட்டியாவது திருப்பியிருப்பார். நாங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணியிருக்கோம். மனசுல வெச்சுக்காதீங்கம்மா.

மாதவரம் பிக்கப்:
எல்லாருக்கும் நன்றி. ஹெட்டைச் சீவி மட்டமாக்கற ஃபேஸிங் போட்டு, கேஸ்கட் மாத்தி, கிளாம்ப் எல்லாம் புதுசு போட்டுத்தான் ஓட்டறேன். தினம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, ஆறின இன்ஜின்ல மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாக்கறேன், தண்ணி விரல்ல படணும்.

நேத்து அதே போரூர் ஏரிகிட்ட முள் ஒரு கோடு இறங்குச்சு. உடனே ஓரம் கட்டி, ஆஃப் பண்ணி, கீழ குனிஞ்சு பாத்தேன். எங்கயும் ஈரம் இல்ல. ஆறவிட்டு மூடியைத் திறந்தா தண்ணி நிறைய இருந்துச்சு. ஏத்தம் முடிஞ்சதால இறங்கியிருக்கும் போல. சைட்டுக்கு நாப்பது நிமிஷம் லேட்டாப் போய்ச் சேர்ந்தேன், மேஸ்திரி சத்தம் போட்டார். கேட்டுக்கிட்டு டைல்ஸை இறக்கினேன்.