வீட்டுக்கு வரும் நர்ஸ் சாதி கேட்கலாமா?

பொருநைக்கரை: நேற்று அம்மாவுக்கு பி.பி. பார்க்க வந்தவர், மாத்திரையைக் கொடுத்துவிட்டு நோட்டை விரித்து, "எஸ்.சி.யா பி.சி.யா?" என்று கேட்டார். அம்மா முகமே சுருங்கிவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாதி உண்டா? இந்தக் கட்டம் எதற்கு?

கல்லிடை அக்கா: தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். கர்ப்பிணிப் பதிவேட்டில் எஸ்.சி., எஸ்.டி., இதரர் என்கிற கட்டம் ரொம்ப காலமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நாங்கள் பல பேர் கேட்பதே இல்லை, தெருவுக்குள் நுழையும்போதே மனசில் நிரப்பிவிடுவோம். அது தப்புதான். ஆனால் கட்டமே வேண்டாமென்றால், காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் மலையில் இருக்கிற காணிக்காரர் பழங்குடிப் பிள்ளைக்கு ஊசி விட்டுப்போனால் எந்தக் கணக்கில் தெரியும்? மாவட்டச் சராசரியில் கரைந்து போய்விடும்.

நாங்குநேரி ரோடு: அக்கா, 2023 ஆகஸ்டில் இங்கே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து சாதி வெறியில் வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழுவே வந்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதிக் கட்டம் கூடாது என்றது அந்த அறிக்கை. பையன் கையில் இருக்கிற சாதிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு அவன் அம்மாவின் பி.பி. நோட்டில் எழுதி வைப்பீர்களா? அந்த நோட்டு யார் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

எக்ஸெல் மாப்ள: நோட்டு வேறு, அறிக்கை வேறு. பெயரும் சாதியும் ஒரே பக்கத்தில் கிடப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் சமூக சுகாதார நிலையங்கள் வருஷா வருஷம் இனவாரியாகக் கணக்குக் கொடுக்கின்றன, "சொல்ல விரும்பவில்லை" என்பவருக்கும் அதில் இடம் உண்டு. 2024 மார்ச்சில் அங்கே இனக் கேள்வியையும், ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) கேள்வியையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பிரிவு வைத்தார்கள். அதுவரை அவர்களை வெள்ளையர் கணக்கில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணாமல் விட்டால் இப்படித்தான், இருக்கிற ஆளே இல்லாமல் போய்விடுவார்.

நாங்குநேரி ரோடு: அமெரிக்கா கிடக்கட்டும் மாப்ள. அக்கா சொன்ன அணைக்கு அந்தப் பக்கம், காணிக்காரர் ஊரான இஞ்சிக்குழியில் இருப்பதே விரல்விட்டு எண்ணுகிற வீடுகள். "இஞ்சிக்குழி, எஸ்.டி., காசநோய் 1" என்று அறிக்கை போட்டால் அப்புறம் பெயர் எதற்கு?

எக்ஸெல் மாப்ள: சரி, அது நியாயம். எண்ணிக்கை சின்னதென்றால் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு வட்டாரத்தோடு சேர்த்துப் போடலாம்.

கல்லிடை அக்கா: சேர்த்தால் மறுபடியும் கரைத்தாயிற்றே! அந்த ஒன்றைக் காட்டித்தான் அணையைத் தாண்டிப் போக நான் படகு கேட்க முடியும். வெளியே போகிற அறிக்கையில் மறையுங்கள், மேலே போகிற கணக்கில் மறைக்காதீர்கள்.

மேலப்பாளையம் 5: நடுவில் ஒன்று. எங்கள் உம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பீடி சுற்றுவார், தூள் மூக்கிலேயே இருக்கும். முக்கூடலில் சுற்றுகிறவருக்கும் அதே தூள், அதே இருமல், சாதி மட்டும் வேறே. தொழிலுக்கு ஒரு கட்டம் கேட்டோம், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொருநைக்கரை: இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கேட்டதுகூடப் பரவாயில்லை, வாசல்ல நின்னு எதிர்வீட்டுக்காரிக்குக் கேக்கிற மாதிரி கேட்டாளே" என்கிறாள்.