பாட்டி நரகத்துக்கா போனார் என்று கேட்கிறான், என்ன சொல்வது?

வணக்கம். மாமியார் போன மாதம் தவறிவிட்டார். முருக பக்தை, தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்தவர். நானும் கணவரும் மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர்கள். சண்டே ஸ்கூலில் பைபிளின் லூக்கா 16ஆம் அதிகாரத்து ஐசுவரியவான், லாசரு கதையை (இறந்தபின் ஐசுவரியவான் நெருப்பில் வேதனைப்படுவான்) கேட்டுவிட்டு வந்த மகன், "அப்போ பாட்டியும் நெருப்பிலயா இருக்காங்க?" என்கிறான். தொடக்கநிலை நான்கில்தான் படிக்கிறான், ஆனால் மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவான்.

தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதவர்களும் இரட்சிப்படையலாம் என்று 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. சரி, மாமியார் எங்களோடு இருந்தவராயிற்றே! இயேசுவை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

உட்லண்ட்ஸ் பக்கம், பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் தமிழில் பேசும் போதகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்தச் சபையானாலும் பரவாயில்லை. அம்மாவை இழந்த கணவரும் கூட இருப்பார், அதனால் நிதானமானவராக வேண்டும். சனி மாலை தோதுப்படும்.