லோகஸ்ட் மரத்தில் வில்: பச்சைத் தண்டைப் பிளந்து உலர்த்துவது எப்படி?

மலையடிவாரம்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் வட கரோலைனாவின் மேற்குப் பகுதியில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரங்களுக்கு முன் தம் வேலியோரம் நின்ற பிளாக் லோகஸ்ட் மரத்தை வெட்டியபோது, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 25 செ.மீ. விட்டமும் கொண்ட நேரான அடித்தண்டை எனக்குக் கொடுத்தார். இந்த மலைகளின் செரோக்கி மக்கள் இதே மரத்தில் வில் செய்து வந்தவர்கள் என்று அறிந்ததிலிருந்து, நானும் ஒரு வில்லைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. தண்டு இப்போது பட்டையோடு கொட்டகையில் கிடக்கிறது. வெட்டுமுகங்களில் நடுவிலிருந்து நாலாபுறமும் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. பட்டையை இப்போதே உரிக்கலாமா, பட்டைக்கு அடியிலுள்ள வெளிர்நிற மரமான வெளிறையும் நீக்க வேண்டுமா, எத்தனை மாதம் காயவிட வேண்டும்? ஒரு முனையில் பென்சில் பருமனில் இரண்டு துளைகள் வேறு தெரிகின்றன. அவற்றால் மரம் வீணாகிவிடுமா?

தச்சன்மகன்:

வணக்கம் நண்பரே. முதலில் மரம் எது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹனி லோகஸ்ட் என்பது வேறு மரம். அதன் அடிமரத்திலேயே நீண்ட முட்கள் கொத்துக்கொத்தாகக் கிளைத்து நிற்கும். உங்களுடையது பிளாக் லோகஸ்ட் என்றால், இளங்கிளைகளில் கணுவுக்கு இரண்டாகக் குட்டை முட்கள் இருக்கும், இலை பார்ப்பதற்கு அகத்தியிலை போலிருக்கும், தண்டின் நடுமரமான வைரம் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெடிப்பு நிற்கும் இடம்வரை இரு முனைகளையும் அறுத்துத் தள்ளிவிட்டு, புது வெட்டுமுகத்தில் வெள்ளைப் பசையையோ பழைய பெயிண்டையோ கனமாகப் பூசுங்கள். ஈரம் மரத்தின் பக்கவாட்டைவிட முனைகள் வழியாகத்தான் வெகு விரைவில் வெளியேறும் என்பதால், எல்லா வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. அதன்பின் தண்டை வாளால் அறுக்காமல், ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்து நான்காகப் பிளந்துவிடுங்கள். பிளவு நாரின் போக்கிலேயே செல்லும். மரத்துக்குள் முறுக்கு இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

துளைகள் லோகஸ்ட் துளைப்பான் என்ற வண்டின் புழு குடைந்தவை. அந்த வண்டு உயிருள்ள மரத்தில்தான் முட்டையிடும் என்பதால், வெட்டி உலர்ந்த மரத்தை மீண்டும் தாக்காது. துளை ஓடாத கால்பகுதியைத் தேர்ந்துகொண்டால் போதும்.

பட்டையையும் வெளிறையும் நீக்கிவிடுவதே என் வழக்கம், ஏனெனில் இம்மரத்தில் வெளிறு சில ஆண்டு வளையங்களுக்கு மேல் இராது. அதைக் கடந்து, வைரத்தில் தடிப்பான ஒரு வளையத்தைத் தேர்ந்து, இரு கைப்பிடி உள்ள இழுப்புக் கத்தியால் முனையிலிருந்து முனைவரை அதே வளையத்தை வில்லின் முதுகாக, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கமாக, வெளிக்கொணர வேண்டும். கத்தி ஒவ்வொரு வளையத்திலும் நுண்துளைகள் நிறைந்த வசந்தகால வளர்ச்சியில் ஓடும்போது நறநறவென்று சத்தம் கேட்கும், மரமும் துகளாக உதிரும். கெட்டியான கோடைகால வளர்ச்சியைத் தொட்டதும் சத்தம் அடங்கி, சீவல் ரிப்பன்போல் நீளமாக எழும். கண்ணைவிடக் காது இதில் நல்ல வழிகாட்டி. கணு வரும் இடத்தில் மட்டும் வளையம் மேடாக எழும். அந்த மேட்டைச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள். முதுகு வெளிப்பட்ட அன்றே ஷெல்லாக் என்ற அரக்கு மெருகை இரண்டு பூச்சு பூசிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மயிரிழை வெடிப்புகள் முதுகு முழுவதும் ஓடியிருக்கும். வேலை முழுவதும் முகக்கவசம் அணியுங்கள். பட்டை நச்சுத்தன்மை உள்ளது, தூசியும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

ஈரப்பதம்:

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். எத்தனை மாதம் என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். அங்குலத்துக்கு ஓராண்டு என்ற கணக்கு தடிமனான பலகைகளுக்கு ஏற்பட்டது; வில்லுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. முதுகைப் பூசி மூடியபின், வில்லின் கைகளை, அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளை, ஏறத்தாழ 5 செ.மீ. அகலத்துக்கும் 2 செ.மீ. தடிமனுக்கும் செதுக்கி, நேரான கட்டையோடு சேர்த்துக் கிடுக்கிகளால் இறுக்கிவிட்டால், அது நெளியாமல் சில மாதங்களில் உலர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் காற்றோட்டமுள்ள நிழலில் இருக்கட்டும்; பிறகு வீட்டுக்குள் கொண்டுவரலாம். நான் முதன்முதலில் செய்த வில்லைப் பொறுமையின்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் கைப்பிடியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை வில்லின் மேலேயே எழுதிவாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால், மரம் அறைக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள அறையில், மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிற்கும். வில்லுக்கு வேண்டியது அதுவே.

மலையடிவாரம்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளந்ததில் மூன்று கால்பகுதிகள் நேராக வந்தன, நான்காவதில்தான் புழுத்துளை ஓடியிருந்தது. செதுக்கியபின் முதல் எடை 1,640 கிராம். இன்று, பதினைந்தாம் வாரத்தில், 1,340 கிராம். கடைசி மூன்று வாரங்களாக மாற்றமே இல்லை. இனி வளைக்கத் தொடங்கலாமா?

தச்சன்மகன்:

தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் வில்லின் வயிற்றுப்புறத்தை, அதாவது எய்பவரை நோக்கிய பக்கத்தை, கவனியுங்கள். லோகஸ்ட் இழுவிசையை நன்றாகத் தாங்கும், அழுத்தத்தை அந்த அளவுக்குத் தாங்காது. அதனால் வில் முதுகில் முறிவதைவிட, வயிற்றில் குறுக்காக மெல்லிய கோடுகள் விழுந்து கெடுவதே அதிகம். ஈரம் மிச்சமிருக்கும்போதே வளைத்தால் இந்தக் கோடுகள் இன்னும் எளிதில் விழும். கைகள் அகலமாகவே இருக்கட்டும். முதுகின் இரு ஓரங்களையும் சாய்வாகச் சீவி, முதுகை வயிற்றைவிடச் சற்றே குறுகலாக்கிவிட்டால், இரு புறத்தின் வலுவும் ஒத்துவரும். ஓரிடம் மட்டும் அதிகமாக வளைவது கண்ணில் பட்டால், உடனே நாணைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கங்களிலும் வயிற்றைச் சுரண்டுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டியபின்னும் முப்பது தடவையாவது குறைந்த தூரம் இழுத்துப் பழக்கியபிறகே இழுக்கும் தூரத்தைக் கூட்டுங்கள். மீதமுள்ள இரண்டு கால்பகுதிகளின் முனைகளில் பூச்சு உரிந்திருக்கிறதா என்றும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.