தொழில் தொடங்க வருபவர்களுக்கு ஆலோசனை சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். தொழில் தொடங்க நினைக்கும் இளையர்களிடம் பேச எங்கள் சமூக மன்றத்தில் கூப்பிடுகிறார்கள். கடன் மனு பார்க்கத் தெரியும், கடை நடத்தியதில்லை. எனக்கு இது சரிப்படுமா?

தேக்கா கணக்கர்:
தாராளமாகச் சரிப்படும் அண்ணே. கடை நடத்தியவர்கள் பலர் தங்கள் கதையைச் சொல்லியே நேரத்தை முடித்துவிடுவார்கள்.

சிராங்கூன் சாலைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் எப்படிப் பதிவது என்று. அதில் ஒன்றுமில்லை, 315 வெள்ளி கட்டினால் நிறுவனம் பதிவாகிவிடும். மனத்தில் உள்ள கேள்வி கிளம்பும் நேரத்தில்தான் வரும்: "வேலையை விட்டால் வீவக வீட்டுத் தவணை?" வீவக என்றால் அரசாங்க வீடமைப்புக் கழகம்; அந்தத் தவணை இத்தனை நாளும் மசே நிதியிலிருந்து, அதாவது சம்பளத்தோடு சேரும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, போயிருக்கும். சம்பளம் நின்றால் அதில் முதலாளி போடும் 17 விழுக்காடும் நின்றுவிடும். அந்தக் கேள்வி வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கஷ்டமே அதுதான்.

இன்னொன்று, திட்டத்தைக் கேட்காமல் ஒரு நாள் வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தங்கச்சி வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கப்போவதாக வந்தார். அதற்கு உணவு உரிமம் தேவையில்லை, சரி. காலையிலிருந்து யார் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "பணிப்பெண் பிழிந்து தருவாள்" என்கிறார்! பணிப்பெண்ணை வியாபார வேலையில் இறக்க மனிதவள அமைச்சு விடாது. வீவக வீட்டில் வெளியாளையும் வேலைக்கு வைக்க முடியாது. பிறகு அவரும் அம்மாவும் மட்டும் எத்தனை கிலோ சுட முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

செங்காங் அக்கா:
நான் போய்ப் பார்த்த ஒருவர், சாப்பாட்டுக்கடை என்றதுமே "வேண்டாம்மா, எல்லாரும் மூடிக்கொண்டு போகிறார்கள்" என்று முடித்துவிட்டார். கோபம்தான் வந்தது. இன்னொருவர் வாடகையைத் தோசைக் கணக்கில் போடச் சொன்னார். ஒரு நாள் வாடகைக்கே எத்தனை தோசை விற்க வேண்டும் என்று பார்த்ததும் நானே அந்த இடத்தை விட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா, கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
நன்றி. மானியம் பற்றிக் கேட்டால்?

தேக்கா கணக்கர்:
ஊகித்துச் சொல்லாதீர்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு உதவும் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ சென்டருக்கு அனுப்புங்கள், ஆலோசனை இலவசம். போனார்களா என்று அடுத்த வாரம் ஒரு வாட்ஸ்அப் போட்டுக் கேளுங்கள். பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள்.